மே மாதப் பனிக்கு எங்கே போவது: டக்கர்மனா, லவ்லண்டா, ரெய்னியரா?

நாங்கள் மூன்று பேர். நான் நியூ ஜெர்சியில், நண்பர் டாலஸில், எங்களைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் ஒருவர் சியாட்டிலில். மூவருமே முப்பது வயதுக்குப் பிறகு பனிச்சறுக்கு கற்றவர்கள். லிஃப்ட் உள்ள ரிசார்ட்டுகளில் சில வருடங்கள் ஓட்டிப் பழகி, பனிச்சரிவுப் (மலையில் பனி மொத்தமாகப் பெயர்ந்து விழுவது) பாதுகாப்புக்கான முதல் நிலைப் பயிற்சியை முடித்து, ஸ்கியின் அடியில் பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலில் மலையேறிச் சறுக்கி இறங்கும் பேக்கன்ட்ரி பக்கம் வந்து சேர்ந்தோம். வருடத்துக்கு ஒரு முறை சந்திப்பது வழக்கம். இந்த முறை வசந்த காலத்தில் என்று முடிவானது. எங்கே என்பதில்தான் இழுபறி.

எனக்கு நியூ ஹாம்ப்ஷயரின் மவுண்ட் வாஷிங்டனில் உள்ள டக்கர்மன் ரவைன். காரிலேயே போய்விடலாம். டாலஸ் நண்பருக்குக் கொலராடோவின் லவ்லண்ட் பாஸ் என்ற மலைக் கணவாய். டாலஸிலிருந்து டென்வருக்கு நேர் விமானம். அண்ணனோ, "இவ்வளவு பெரிய மலை என் வீட்டு ஜன்னலில் தெரியுது, நீங்க ரெண்டு பேரும் வேற எங்கேயோ பாக்குறீங்களே" என்று மவுண்ட் ரெய்னியரின் மியூர் பனிவெளியைக் காட்டினார்.

டிக்கெட் விலை, விடுமுறை நாள் என்று ஆரம்பித்த பேச்சு, நான்காவது போன் காலில்தான் சரியான கேள்விக்கு வந்தது. வசந்த காலப் பனியில் ஆபத்து நாளுக்கு நாள் மட்டுமல்ல, மணிக்கு மணி மாறும். நாமோ ஒன்றரை மாதம் முன்பே தேதி குறித்து டிக்கெட் எடுக்கப் போகிறோம். அந்தத் தேதியில் மலை சரியில்லை என்றால் என்ன செய்வோம்? எந்த இடத்தில் "இன்று வேண்டாம்" என்று சொல்வது எங்களுக்குச் சுலபம்? மூன்று இடங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தபோதுதான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

ராத்திரி உறைந்ததா?

இடங்களுக்குப் போகும் முன் வசந்தப் பனி வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். பகலில் வெயில் மேல் பனியை உருக்குகிறது. இரவில் அது மறுபடி உறைகிறது. இப்படிச் சில நாட்கள் நடந்தால் பனித்துகள்கள் உருண்டு திரண்டு ஜவ்வரிசி மாதிரி ஆகிவிடும். இதைத்தான் கார்ன் ஸ்னோ என்கிறார்கள். விடியற்காலையில் சிமெண்ட் தரை போல இருக்கும். வெயில் பட்டு மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகும் நேரத்தில் அதன் மேல் சறுக்குவது தனிச் சுகம். ஸ்கி வழுக்காது, புதையாது, நினைத்த இடத்தில் திரும்பும். அந்த நேரம் தாண்டினால் நீர் உள்ளே இறங்கி, துகள்களுக்கு இடையேயான பிடிப்பை அறுத்துவிடும். அப்புறம் அது கொழகொழத்த கூழ். சரிவில் நிற்பது ஆபத்து.

முக்கியமான விஷயம், இரவில் பனி உறைவதற்குக் காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயே ஆக வேண்டும் என்பதில்லை. ஜனவரியில் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானத்தில் புல் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பமானி 2 டிகிரி, 3 டிகிரி காட்டும் அதே நேரத்தில் தரையில் உறைபனி இருக்கும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தால், தரை தன் வெப்பத்தை நேரே மேலே இழந்துவிடுகிறது. பனிமலையிலும் இதே கதைதான். தெளிந்த வானமும் உலர்ந்த காற்றும் இருந்தால் 2 டிகிரியிலும் மேற்பரப்பு இறுகும். மேகம் மூடிய, ஈரக்காற்று வீசும் இரவில் அந்த வெப்பம் வெளியே போகாமல் தங்கிவிடும். காலையில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். அதனால் வசந்த காலத்தில் வானிலை அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது பகல் வெப்பநிலையை அல்ல; இரவு மேகமூட்டத்தையும் காற்றின் ஈரத்தையும்தான்.

அடுத்தது சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. கிழக்கு முகம் முதலில் இளகும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. இந்த வரிசையில் வெயிலுக்கு ஒரு படி முன்னால் இடம் மாறிக்கொண்டே போனால் நல்ல பனியும் கிடைக்கும், ஆபத்தும் குறையும். பாளம் பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் நடக்கின்றன. சறுக்க ஆசை வருவதும் பெரும்பாலும் அதே சாய்வில்தான்.

லவ்லண்ட் பாஸ்: அடியில் சர்க்கரை

கொலராடோ மலைத்தொடர் கடலிலிருந்து வெகு தூரம். குளிர்காலத்தின் ஆரம்பத்தில் கொஞ்சமாகப் பனி விழும். அதன் மேல் வாரக்கணக்கில் கடுங்குளிர். தரை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க, மேலே காற்று கடும் குளிராக இருக்க, நடுவில் மாட்டிய மெல்லிய பனி நாளடைவில் பெரிய பெரிய படிகங்களாக மாறிவிடும். கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரை மாதிரி உதிரும். உருண்டை பிடிக்கவே முடியாது. அந்தச் சர்க்கரை மேல் மாதக்கணக்கில் கெட்டியான பாளம் பாளமாகப் பனி ஏறிக்கொண்டே போகும். அஸ்திவாரம் இல்லாமல் மாடி மேல் மாடி கட்டினது போலத்தான்.

இந்தப் பலவீனம் ஜனவரியோடு போய்விடாது. 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லண்ட் பாஸுக்குப் பக்கத்தில் ஷீப் கிரீக் பள்ளத்தில் ஆறு பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். கருவிகள் இருந்தன. ஆழத்தில் பலவீனமான அடுக்கு இருப்பது தெரிந்திருந்தது. அந்தச் சரிவில் ஏறக்கூட இல்லை. அதன் அடிவாரத்தைக் கடந்து, பாதுகாப்பான மரக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மேலே இருந்து மொத்தச் சரிவும் பெயர்ந்து வந்தது. காலெண்டரில் ஏப்ரல் பின்பகுதி. மலையின் வடக்கு முகத்திலோ இன்னும் குளிர்காலம். பயிற்சி வகுப்பில் இந்த விபத்தின் வரைபடத்தைக் காட்டியபோது என் மனத்தில் பதிந்தது அந்தப் பாதைதான். அந்த இடத்தில் நானும் அதே பாதையைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

அதனால் ஏப்ரலில் கொலராடோ என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. மே இரண்டாம் பாதி என்றால் கதை வேறு. இடையில் ஒரு மோசமான கட்டம் உண்டு: உருகிய நீர் முதல் முறையாக அடியில் உள்ள சர்க்கரை அடுக்கைப் போய்த் தொடும் நாட்கள். தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் உறையாமல் போனால், மேலே உள்ள பாளம் அடியோடு நழுவும். ரிசார்ட் எல்லைக்குள் இருந்தால் பயமில்லை என்றுகூடச் சொல்லிவிட முடியாது. 2005 மே 20 அன்று அரபாஹோ பேசினில், திறந்திருந்த பாதையிலேயே இப்படி ஒரு ஈரப் பனிச்சரிவில் ஒருவர் இறந்தார். இந்தக் கட்டம் கடந்து, நீர் அடிவரை வடிந்து, இரவுகளில் நன்றாக உறைந்தும் வந்தால், பழைய அடுக்குகள் கரைந்து பனி முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். அதன் பிறகு கொலராடோ வசந்தம் கணிக்கக் கூடியது. 3,655 மீட்டரில் காற்று உலர்ந்தது, மெல்லியது. தெளிந்த இரவுகளில் நன்றாக உறையும். மூன்று இடங்களில் இந்த விஷயத்தில் அதிகம் நம்பக்கூடியது இதுதான்.

ஒரு காலையை அப்படியே சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு மே மாதத்தில் பாஸ் உச்சியில் காரை நிறுத்தி இறங்கியபோது மணி ஆறுகூட ஆகவில்லை. ஸ்கி பூட்டின் நுனியால் பனியை உதைத்தேன். டக் என்று சத்தம் வந்ததே தவிர ஒரு தடம் விழவில்லை. எட்டரைக்குக் கிழக்கு முகத்தில் கோலை ஊன்றினால் அரை அங்குலம் இறங்கியது. ஒன்பதுக்குச் சறுக்கினோம். இன்னொரு முறை ஏறலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது பாறைக்குக் கீழே இருந்து எலுமிச்சை அளவு பனி உருண்டை ஒன்று தானாக உருண்டு வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. எதிரே நின்றவர் கணுக்கால் வரை புதைந்திருந்தார். மணி பத்தேகால். மூட்டை கட்டிவிட்டோம்.

கொலராடோவில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. தென்மேற்குப் பாலைநிலங்களிலிருந்து வசந்தக் காற்று செம்மண் தூசியைக் கொண்டுவந்து பனியில் போர்த்தும். அழுக்கான பனி வெயிலை உறிஞ்சுவதால் உருகும் வேகம் கூடும். நேற்றைய நேரக் கணக்கு இன்று பொருந்தாது. மே மாதத்திலும் புதுப் பனி விழும். அது விழுந்த மறுநாள் முதல் வெயிலில் பழைய கெட்டிப் பனி மேலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். மதியத்துக்கு மேல் இடி மின்னல். அப்புறம் உயரம்: கடல் மட்டத்து ஊர்களிலிருந்து விமானத்தில் வந்து மறுநாளே 3,600 மீட்டரில் மூச்சு வாங்கினால் தலைவலியோடுதான் நாள் முடியும்.

டக்கர்மன்: கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள்

மவுண்ட் வாஷிங்டன் 1,917 மீட்டர்தான். உயரத்தை வைத்து எடை போட்டால் ஏமாறுவோம். 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. வசந்த காலத்தில்தான். அந்தக் காற்று மேட்டுச் சமவெளியின் பனியை எல்லாம் வாரிக் கிழக்குப் பக்கக் கிண்ணத்தில் கொட்டுகிறது. அந்தக் கிண்ணம்தான் டக்கர்மன் ரவைன். சுற்று வட்டாரத்தில் பனி கரைந்த பிறகும் அங்கே கிடக்கும்.

பிங்கம் நாட்ச்சிலிருந்து ஹெர்மிட் லேக் வரை சுமார் 4 கிலோமீட்டர் நடை. அதற்கு மேல் கிண்ணம் விரியும். ஏப்ரலில் நல்ல வெயில் நாள் வந்தால் திருவிழாக் கூட்டம். ஸ்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் போனவரின் காலடிப் படிகளில் எறும்பு வரிசை மாதிரி ஏறுவார்கள். மே மாதத்தில் ஈரப் பனிச்சரிவு இருந்தாலும் முதல் கவலை அதுவல்ல. ஹெட்வாலில், அதாவது கிண்ணத்தின் செங்குத்தான பின்சுவரில், பாறையை மூடிய பனிக்கட்டிப் பாளங்கள் வெயிலில் பிய்ந்து விழும். பனிக்கும் பாறைக்கும் நடுவே பிளவுகள் திறக்கும். ஓடை நீர் பனிக்கு அடியில் குடைந்து, மேலே மெல்லிய ஓடு மட்டும் மிஞ்சும். கிண்ணம் கிழக்கு நோக்கியது என்பதால் மதியத்துக்குப் பிறகு நிழல் விழுந்து, கூழாக இருந்த பனி சட்டென்று கண்ணாடியாகும். அப்போது ஒருவர் விழுந்தால் அடிவாரம் வரை நிற்க முடியாது.

லஞ்ச் ராக்ஸ் என்று ஒரு பாறைக் குவியல் இருக்கிறது. உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டபடி மற்றவர்கள் சறுக்குவதைப் பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் ஹெட்வாலிலிருந்து விழும் கட்டிகள் வருகிற வழியில் அது இருக்கிறது. முதல் முறை போனபோது நானும் அங்கேதான் பையை இறக்கினேன். மேலே துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். யாரோ "ஐஸ்!" என்று கத்தினார்கள். ஃபிரிட்ஜ் அளவு கட்டி ஒன்று சரிவில் இரண்டாகப் பிளந்து, எங்களுக்குப் பத்து அடி தள்ளிப் போனது. அன்றிலிருந்து கிண்ணத்துக்குள் எங்கே உட்காருவது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

இருந்தாலும் இந்த இடத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஆபத்துகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிபவை. மவுண்ட் வாஷிங்டன் பனிச்சரிவு மையத்தின் அறிக்கையும், மலை உச்சியில் உள்ள ஆய்வகத்தின் வானிலை அறிக்கையும் இந்த மலையையும் அதை ஒட்டிய சிகரங்களையும் மனத்தில் வைத்தே எழுதப்படுபவை. எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. வியாழக்கிழமை மாலை அறிக்கையைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பலாம். சரியில்லை என்றால் கிளம்பாமலும் இருக்கலாம். எந்த நஷ்டமும் இல்லை. அந்த வசதி டாலஸ்காரருக்கும் சியாட்டில்காரருக்கும் கிடையாது. தவிர அங்கே சறுக்குவதற்கு உள்ள இடங்கள் எல்லாமே செங்குத்து. எங்கள் மூவரில் ஒருவருக்கு 40 டிகிரிச் சரிவில் இன்னும் கால் நடுங்கும். அவர் யார் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை மரியாதையோடு கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் குழுவுக்கு அழகு.

மியூர் பனிவெளி: வழி தெரிந்தால் போதும், தெரியாவிட்டால்?

சாய்வு மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் மூன்றிலும் சாது. 1,645 மீட்டரில் உள்ள பாரடைஸிலிருந்து 3,105 மீட்டரில் உள்ள மியூர் முகாம் வரை ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பனிவெளியின் பெரும்பகுதி பனிச்சரிவு ஏற்படாத அளவுக்கு மென்மையானது. ஆரம்பத்தில் வரும் பனோரமா முகப்பு போன்ற சில சரிவுகளைத்தான் பார்த்துக் கடக்க வேண்டும்.

பனியின் குணமும் வேறு. பசிபிக் கடற்கரைக்குப் பக்கம் என்பதால் கனமாக, மிதமான குளிரில், மலை மலையாகக் கொட்டும். 1971–72 குளிர்காலத்தில் பாரடைஸில் 28.5 மீட்டர் பனி விழுந்தது. இப்படிப்பட்ட பனியில் சர்க்கரை அடுக்கு நிலைப்பது அரிது. புயல் அடிக்கும்போதும் அதற்கடுத்த ஓரிரு நாளும் ஆபத்து உச்சத்தில் இருக்கும், பிறகு வேகமாக இறுகிவிடும். பயப்பட வேண்டியது மழைக்கு. கடல் காற்றில் உறைநிலைக் கோடு (காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியமாகும் உயரம்) சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடும். பனி விழுந்த இடத்தில் மழை கொட்டும். 1910 மார்ச் 1 அன்று இதே கேஸ்கேட் மலைத்தொடரில் வெலிங்டன் என்ற ரயில் நிலையத்தில், நாள் கணக்காகப் பெய்த பனிக்குப் பிறகு மழையும் இடியும் வந்தபோது, சரிந்த பனி இரண்டு ரயில்களைப் பள்ளத்தாக்கில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட பனிச்சரிவு இன்றுவரை அதுதான்.

பனிவெளியில் போவோருக்கு உண்மையான எதிரி மூட்டம். மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. சறுக்குகிறோமா நிற்கிறோமா என்றே தெரியாமல் வயிற்றைப் புரட்டும். இறங்கும்போது ஒரு பக்கம் நழுவினால் நிஸ்குவாலி பனியாறு, மறுபக்கம் நழுவினால் பாரடைஸ் பனியாறு. இரண்டிலும் ஆழமான பிளவுகள். அண்ணனே ஒரு முறை இரண்டு மணி நேரம் ஜிபிஎஸ்ஸைக் கையில் பிடித்தபடி, இருபது அடிக்கு ஒரு முறை நின்று நின்று இறங்கியிருக்கிறார். "பயம் இல்லப்பா, குழப்பம்தான். ஆனா அந்தக் குழப்பம்தான் ஆளைக் கொல்லும்" என்றார். மலை உச்சியில் தொப்பி கவிழ்த்தது போல மேகம் தெரிந்தால் அவர் காரிலிருந்தே திரும்பிவிடுவார்.

இன்னொரு குறை: வடமேற்குப் பனிச்சரிவு மையம் வழக்கமாக ஏப்ரல் பின்பகுதியில் தினசரி அறிக்கையை நிறுத்திவிடும். மே மாதத்தில் நம் கண்ணும் அனுபவமும்தான் துணை. கொலராடோ மையம் மே முடியும் வரை எழுதுகிறது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தபோது

தேதியை மாற்ற முடியுமானால் என் தேர்வு மியூர். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடும் அண்ணனைப் போன்றவர்கள், காற்றின் உயரழுத்தம் நிலைத்து வானம் தெளிந்த நாளைப் பார்த்துக் கிளம்பினால், மே, ஜூனில் அதைவிட நல்ல முதல் வசந்த ஏற்றம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மூன்று நாள் விடுப்பில் பறந்து வருபவர்களுக்கு அது லாட்டரி. மூன்று நாளும் மூட்டமாக இருந்தால், கடைசி நாளில் "கொஞ்சம் வெளுக்கிற மாதிரி இருக்கே" என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நப்பாசைதான் எனக்குப் பயம்.

டக்கர்மன் கிழக்குக் கரைக்காரர்களுக்கு, அதுவும் செங்குத்துச் சரிவில் பனிக்கோடரியும், பூட்டின் அடியில் மாட்டும் முட்களான க்ராம்பானும் பழகியவர்களுக்கு. எங்கள் குழுவுக்கு இந்த வருடம் இல்லை.

ஆக, என் விருப்பத்தை நானே விட்டுக்கொடுத்து, லவ்லண்ட் பாஸுக்குக் கை தூக்கினேன். மே மூன்றாம் வாரம், ஐந்து நாள். மூன்றிலும் மோசமான குளிர்காலப் பனி உள்ள இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது தெரியும். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது, தவிர்க்கும் வழிகள் அங்கே அதிகம் என்பது. தினமும் அறிக்கை வருகிறது. சாலை ஓரத்திலேயே கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லா முகமும் இருக்கிறது. 25 டிகிரிக்குக் கீழே சறுக்கவும் இடம் இருக்கிறது. அறிக்கையில் ஆழத்துப் பலவீனம் பற்றி ஒரு வரி இருந்தால்கூட வடக்கு முகத்தின் பக்கமே, அதன் அடிவாரத்துக்குக்கூட, போவதில்லை. சரியில்லாத நாளில் பக்கத்து ரிசார்ட்டில் லிஃப்ட் ஏறலாம். மேலே சொன்ன 2005 விபத்து காரணமாக அங்கேயும் ரோந்துக்காரர்கள் மூடிய பாதையை எட்டிப் பார்க்காமல்.

திட்டம் இதுதான். முதல் நாள் முழு ஓய்வு, உயரம் பழக. அன்று மாலை பீக்கனை (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி) பனியில் புதைத்துத் தேடிப் பழகுவது. ஈரப்பனி நின்ற நொடியில் கான்கிரீட் மாதிரி இறுகும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் மூவரும் தோண்டிப் பார்க்கப் போகிறோம். இரண்டாம் நாள் காலை நாலரைக்கு எழுந்து, முதலில் வாசலில் காரின் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பது. பாஸில் ஐந்தே முக்காலுக்குப் பூட்டால் உதைத்துப் பார்ப்பது. தடம் விழுந்தால் ஸ்கியை இறக்குவதே இல்லை. விழாவிட்டால் கிழக்கு முகம், ஒன்பது மணிச் சறுக்கல், பத்தரைக்கு எல்லோரும் காரில். நடுங்கும் கால்களுக்குச் சொந்தக்காரர் எந்தச் சரிவுக்கு "வேண்டாம்" என்றாலும் காரணம் கேட்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டார். டாலஸ்காரர் நேற்று இரவு வாட்ஸாப்பில் சர்க்கரை டப்பாவின் படத்தை அனுப்பி, "அடியில இது இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்குங்க" என்று எழுதியிருந்தார். நான் வேண்டிக்கொண்டேன், அப்படியே அன்றைய கொலராடோ அறிக்கையையும் திறந்து படித்தேன்.